அபுவின் மூன்று படங்கள், எங்கள் வீட்டில் நான்கு பதிப்புகள்: எதை வாங்கலாம்?

அபு என்ற வங்காளத்துக் கிராமத்துப் பையன் வளர்கிற கதையைச் சொல்கிற பதேர் பாஞ்சாலி, அபராஜிதோ, அபுர் சன்சார் என்ற சத்யஜித் ரேயின் படங்கள் எங்கள் வீட்டில் நான்கு பதிப்புகளாக இருக்கின்றன. கொல்கத்தாவில் விற்ற விசிடி, ஒரு இந்திய டிவிடி, பிரிட்டனில் வந்த டிவிடி பெட்டி, அப்புறம் அமெரிக்காவில் கிரைட்டீரியன் என்ற பட டிஸ்க் நிறுவனம் வெளியிட்ட ப்ளூ-ரே. ஒரே படத்துக்கு எதற்கு நாலு என்று கேட்காத விருந்தாளி கிடையாது. இந்தக் கோடையில் நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே காட்சியை நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கூடவே அம்மாவும், எங்கள் மாடியில் மூன்று வாரம் தங்கியிருந்த ஒரு வங்காளத்து அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். வாங்க நினைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் வங்காளம் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். வீடு வேலூர் தோட்டப்பாளையத்தில். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு மாடி அறையை வாடகைக்கு விடுகிறோம், ஆஸ்பத்திரியைச் சுற்றி நிறைய வீடுகளில் அதுதான் வழக்கம். வருகிறவர்களில் வங்காளிகள் அதிகம். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்தால் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை என்று பார்க்கிற இடமெல்லாம் வங்காள எழுத்தில் போர்டு, மத்தியானம் ஆனால் கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிற வாசனை. சின்ன வயசிலிருந்து இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் அந்த ஊர்ப் படம் ஒன்றைக்கூட இருபது வயசு வரைக்கும் பார்த்ததில்லை. மாடியில் தங்கிப் போன ஒரு குடும்பம் அறையைக் காலி செய்யும்போது, இதைப் பாருங்கள் என்று ஒரு விசிடியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுதான் பதேர் பாஞ்சாலி.

அந்த விசிடியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, ஏனென்றால் அது இல்லாமல் மற்ற மூன்றும் வந்திருக்காது. ஆனால் பொருளாக எடுத்துக்கொண்டால் அதில் என்ன இருக்க முடியும்? விசிடி என்றாலே 352க்கு 288 புள்ளிதான், படம் இரண்டு டிஸ்க்காக உடைந்து வரும், சரியாக மழை வரப்போகிற நேரத்தில் எழுந்து போய் டிஸ்க் மாற்ற வேண்டும். சப்டைட்டில் கிடையாது. ஒரு வார்த்தை புரியாமல் முழுப் படத்தையும் பார்த்தேன். அபுவின் அக்கா துர்கா இறந்ததுகூட, அப்பா ஊரிலிருந்து திரும்பி வந்து அவளுக்கென்று வாங்கிய புடவையை எடுத்து நீட்டுகிறபோதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இரவுக் காட்சிகள் அத்தனையும் அதில் ஒரே கரும்பலகை.

அப்புறம் இந்திய டிவிடி. எந்த நிறுவனம் என்று எழுத விருப்பமில்லை. அவர்களுக்குக் கிடைத்த பிரதியை அவர்கள் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். டிவிடி என்பதால் விசிடியைவிடத் தெளிவு கூடியிருக்கும் என்று நம்பித்தான் வாங்கினேன், கூடியும் இருந்தது, ஆனால் அதோடு சேர்ந்து வந்த தொல்லைகள் அதிகம். படத்தின் வலது மூலையில் நிறுவனத்தின் முத்திரை முழு நேரமும் நிற்கிறது. சதுரத்துக்குப் பக்கமான பழைய படத்தை அகல டிவிக்கு நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், அபு வீட்டோடு இருக்கிற இந்திர் கிழவி குனிந்து உட்காருகிற இடங்களில் தலைமுடி போய்விடுகிறது, அபு ஓடுகிற இடங்களில் கால் போய்விடுகிறது. எல்லாவற்றையும்விட மோசம் சப்டைட்டில். படத்தோடு சேர்த்தே பதித்த வெள்ளை எழுத்து. அக்காவும் தம்பியும் ரயில் பார்க்கப் போகிற காட்சியில் வயல் முழுக்க வெள்ளை நாணல் பூ, அதன்மேல் வெள்ளை எழுத்து, என்ன பேசுகிறார்கள் என்று யாராலும் படிக்க முடியாது. வேண்டாம் என்றால் அணைக்கவும் முடியாது.

ஒலியையும் சொல்ல வேண்டும். அபுவின் அப்பா ஹரிஹர் ஊருக்குத் திரும்பி வருகிறபோது அவன் அம்மா சர்வஜயா உடைந்து அழுகிறாள், ஆனால் நமக்கு அழுகைச் சத்தம் கேட்காது. அவள் வாய் திறக்கிற இடத்தில் ரே அவள் குரலை எடுத்துவிட்டுத் தார் ஷெனாயின் உச்ச ஸ்வரத்தை வைத்திருக்கிறார். தார் ஷெனாய் என்றால் ஊதுகிற வாத்தியம் இல்லை, வில்லால் வாசிக்கிற தந்தி வாத்தியம், குழல் ஒன்றை மாட்டிச் சத்தத்தைப் பெருக்கியிருப்பார்கள். அந்த ஒரு இடம் சரியாகக் கேட்டால்தான் காட்சி நிற்கும். அந்த டிவிடியில் ஸ்வரம் கீறல் விழுந்த தகரம் மாதிரி கிழிந்து வருகிறது. அம்மா முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கர் போய்விட்டதா என்று கேட்டார்.

மூன்றாவது, பிரிட்டிஷ் டிவிடி பெட்டி. மூன்று படமும் சேர்ந்து ஒரே பெட்டியில், அணைக்கக்கூடிய சப்டைட்டில், வெட்டாத சட்டகம், முத்திரை எதுவும் இல்லை. பல வருஷம் இதைத்தான் பார்த்தேன், நன்றாகவே இருந்தது, இன்றைக்கும் பழைய விலைக்குக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு சங்கதி உண்டு. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் டிவி விநாடிக்கு 25. ஐரோப்பிய டிவிடிகளில் பெரும்பாலும் 24ஐ அப்படியே 25 ஆக ஓட்டிவிடுவார்கள். 125 நிமிடம் ஓட வேண்டிய பதேர் பாஞ்சாலி 120 நிமிடத்தில் முடிந்துவிடும். நடையில் அது தெரியாது, ஆனால் வேகம் கூடினால் சுருதியும் ஏறும். எவ்வளவு என்றால் ஸட்ஜமத்திலிருந்து சுத்த ரிஷபத்துக்குப் போகிற தூரத்தில் கிட்டத்தட்ட முக்கால்வாசி. பேச்சில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ரவிசங்கரின் சிதாரில் கண்டுபிடிக்கலாம். பதேர் பாஞ்சாலிக்கு அவர் ஒரே இரவில் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்த இசை அது, எங்கள் தெருவில் வயலின் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் இதையும் ப்ளூ-ரேயையும் கேட்டுவிட்டு, இதில் ஏதோ அவசரம் இருக்கிறது என்று அந்த டிவிடியைக் காட்டிச் சொன்னார். நான் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இனி ப்ளூ-ரே. இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் தீ விபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 1992 மார்ச்சில் ரேக்கு கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள், கொல்கத்தாவில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி அதை வாங்கினார், ஏப்ரல் 23ஆம் தேதி போய்விட்டார். அவர் படங்களின் பிரதிகள் எவ்வளவு மோசமான நிலையில் இருக்கின்றன என்பது அந்தச் சமயத்தில்தான் ஆஸ்கர் கொடுக்கிற அகாடமிக்கு உறைத்தது. மீட்பு வேலைக்காக மூல நெகட்டிவ்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். 1993 ஜூலையில் அங்கே ஹெண்டர்சன் ஃபிலிம் லேபில் தீப்பிடித்தது. அபு படங்கள் மூன்றின் நெகட்டிவும் அதில் மாட்டிக்கொண்டன. கருகிப்போனதை யாராக இருந்தாலும் குப்பையில்தான் போட்டிருப்பார்கள், ஆனால் அகாடமியின் காப்பகம் மிச்சத்தை வாங்கிப் பத்திரமாக வைத்தது. இருபது வருஷம் அப்படியே இருந்தது. 2013இல் கிரைட்டீரியனும் அகாடமியும் சேர்ந்து அதை வெளியே எடுத்து, இத்தாலியில் பொலோனியாவில் இருக்கிற லிமாஜினே ரித்ரோவாதா என்ற லேபுக்குக் கொடுத்தார்கள். தொட்டால் அப்பளமாக நொறுங்குகிற ஃபிலிமுக்கு மறுபடி ஈரப்பதம் ஏற்றி, பழைய ஒட்டுகளையும் உருகின பசையையும் சுரண்டி எடுத்து, ஓரத்தில் பிய்ந்த துளைகளைக் கையாலேயே கட்டி, கையால் செய்த வேலை மட்டும் சுமார் ஆயிரம் மணி நேரம். அதற்குப் பிறகுதான் ஸ்கேனருக்குள் போயிற்று.

எரிந்ததில் எவ்வளவு தேறியது தெரியுமா? பதேர் பாஞ்சாலியில் 40 சதவீதம். அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கும் மேல். மீதி இடங்களை வேறு காப்பகங்களில் இருந்த நகல் நெகட்டிவ்களையும் நல்ல பிரதிகளையும் வைத்து நிரப்பினார்கள். மூன்றாவது படமான அபுர் சன்சாரில் எஞ்சிய மூலச் சுருள்கள் பயன்படுகிற நிலையில் இல்லை, அதனால் அது முழுக்க நகலிலிருந்து வந்தது. 4கே தரத்தில் செய்த இந்த மீட்பு 2015 மே மாதம் தியேட்டருக்கு வந்து, அந்த நவம்பரில் மூன்று டிஸ்க் ப்ளூ-ரேயாக வெளிவந்தது. இந்தக் கணக்கு தெரிந்துகொண்டு பார்த்தால் சில இடங்களில் படத்தின் துலக்கம் ஒரு பிடி குறைந்து, மணல்மணலாகத் தெரிகிற அந்த ஃபிலிம் தன்மை கொஞ்சம் தடித்து, அப்புறம் மறுபடி தெளிகிறதைக் கவனிக்கலாம். எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. துடைத்து வழித்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி பளபளப்பாக்கிவிடுகிற மீட்புகளையும் பார்த்திருக்கிறேன், முகமெல்லாம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும். இங்கே தோல் தோலாகவே இருக்கிறது.

நாணல் காட்சியை நாலு டிஸ்க்கிலும் ஓட்டினோம். விசிடியில் அது வெள்ளைப் புகை. இந்திய டிவிடியில் வெள்ளைப் புகையும் வெள்ளை எழுத்தும். பிரிட்டிஷ் டிவிடியில் பூ என்று தெரிகிறது. ப்ளூ-ரேயில் ஒவ்வொரு தண்டும் காற்றுக்கு வளைகிறதும், துர்கா வாயில் கரும்பு மெல்லுகிறதும், தூரத்தில் ரயில் புகை பூவின் வெள்ளையோடு சேராமல் தனியாகக் கருத்து எழும்புகிறதும் தெரிகிறது. காட்பாடிக்குப் போகும்போது பாலாற்றுப் பாலத்தின் கீழே இதே நாணலைத்தான் பார்க்கிறோம். அம்மா பார்த்த உடனே, இது நம்ம ஆத்துல இருக்கிறதுதானே என்றார். 1952 அக்டோபரில் ரே முதன்முதலாகக் கேமரா வைத்தது இந்த வயலில்தான். அடுத்த வாரம் போனபோது பூ முழுவதையும் மாடு தின்றுவிட்டிருந்தது, மறுபடி பூக்க ஒரு வருஷம் காத்திருந்து மிச்சத்தை எடுத்தார்கள். காட்சி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பிள்ளைகளும் கம்பத்தில் காதை வைத்துக் கேட்பார்கள், அந்த ரீங்காரம் விசிடியில் பொதுவான இரைச்சலோடு இரைச்சலாகக் கலந்து கிடந்தது. ப்ளூ-ரேயில் அது கம்பத்துக்குள்ளிருந்து வருகிறது. தகவலைச் சுருக்காத மோனோ ஒலி, அவ்வளவுதான், ஐந்து ஸ்பீக்கருக்கு விரித்து விளையாடவில்லை. சர்வஜயாவின் அந்த ஸ்வரம் இதில் கிழியாமல் ஏறி நிற்கிறது. அம்மா இந்தத் தடவை ஸ்பீக்கரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொரு சின்ன விஷயம், தெரிந்துகொண்டால் கண்ணில் படும். மிட்டாய்க்காரர் பின்னால் பிள்ளைகளும் நாயும் வரிசையாகப் போகிற காட்சி எல்லோருக்கும் பிடித்தது. படம் எடுக்கப் பணமில்லாமல் மாசக்கணக்கில் நின்றபோது அந்த மிட்டாய்க்காரராக நடித்தவர் இறந்துவிட்டார். அதே உருவத்தில் இன்னொருவரைத் தேடிப் பிடித்து, அவர் பணக்கார வீட்டுக்குள் நுழைவதை முதுகுப் பக்கத்திலிருந்து மட்டும் எடுத்தார் ரே. பழைய டிஸ்க்குகளில் யாருக்கும் தெரியப் போவதில்லை. ப்ளூ-ரேயில் நிறுத்திப் பார்த்தால் தோள்பட்டை வேறு.

சப்டைட்டில் பற்றி எழுதத்தான் எனக்கு அதிகம் இருக்கிறது. எந்தப் பதிப்பிலும் தமிழ் கிடையாது, ப்ளூ-ரேயிலும் ஆங்கிலம் மட்டும்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன், வரி வேகமாகப் போனால் ரிமோட்டில் நிறுத்துவேன். இந்தத் தடவை மாடியிலிருந்து மாசிமாவும் இறங்கி வந்தார். மாசி என்றால் வங்காளத்தில் அம்மாவுடன் பிறந்தவள், நம் பெரியம்மாவோ சித்தியோ, கூட ஒரு மா சேர்த்தால் மரியாதை. கணவரின் வைத்தியத்துக்காக வந்திருந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் ஆஸ்பத்திரி வரிசையில் கற்றது: வலி, எவ்வளவு, நாளைக்கு வாங்க. அம்மாவுக்கு வங்காளம் பூஜ்யம். ஆனால் இருவரும் முதல் நாளே ஒரு சூட்சுமம் கண்டுபிடித்துவிட்டார்கள். மாசிமா ஜொல் வேண்டும் என்றார், அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு ஜலமா என்று கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாம் அ என்று சொல்கிற இடத்தில் அவர்கள் ஒ என்று சொல்கிறார்கள் என்பது பிடிபட்டதும் பாதி வார்த்தைகள் அம்மாவுக்கே புரிய ஆரம்பித்துவிட்டன.

படத்தில் பிள்ளைகள் இந்திர் கிழவியைப் பிஷி என்று கூப்பிடுவார்கள். நான் கீழே இருந்த எழுத்தைப் பார்த்து ஆன்ட்டி என்று படித்தேன். மாசிமா உடனே தலையை ஆட்டி, பிஷி, அப்பாவோட தங்கச்சி, அக்கா, என்று கை சாடையில் விளக்கினார். "அத்தைன்னு சொல்லுடா, அதைப் போய் ஆன்ட்டின்னு எதுக்குப் படிக்கிற" என்றார் அம்மா. அதற்கப்புறம் படம் வேறாகிவிட்டது. அந்தக் கிழவி யாரோ ஒட்டிக்கொண்ட முதியவள் என்றுதான் நான் இத்தனை வருஷம் பார்த்துவந்தேன். அத்தை என்ற ஒரே வார்த்தையில் அவளுக்கு அந்த வீட்டில் உள்ள உரிமையும், சர்வஜயாவுக்கு அவள்மேல் உள்ள எரிச்சலும், நாத்தனார் முறை என்பதால் வெளியே போகச் சொல்லவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் அவள் படுகிற பாடும் சேர்ந்து வந்துவிட்டன. ஆங்கிலத்தில் மாமியும் அத்தையும் சித்தியும் ஒரே பெயருக்குள் போய்விடுகிறார்கள், எத்தனை நல்ல பதிப்பாக இருந்தாலும் அதற்கு அந்த மொழியில் வழியில்லை. தமிழில் ஒரு சப்டைட்டில் கோப்பு யாராவது அக்கறையோடு செய்தால் இந்தப் படம் நம் வீடுகளில் வேறு மாதிரி ஓடும். ஆர். சண்முகசுந்தரம் மொழிபெயர்ப்பில் படத்துக்கு மூலமான நாவல் தமிழில் இருப்பதால் உறவு முறைகளுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் முன்மாதிரிகூட நம் கையில் உண்டு.

இந்திர் திண்ணையில் உட்கார்ந்து இரவில் பாடுகிற பாட்டுக்கு இந்திய டிவிடியில் சப்டைட்டிலே போடவில்லை. பொழுது போய்விட்டது, அந்தி வந்துவிட்டது, ஹரியே, என்னை அக்கரைக்குக் கொண்டு சேர் என்று ஓடக்காரனிடம் கேட்கிற மாதிரியான பாட்டு. மாசிமா அதைக் கூடவே முணுமுணுத்தார். இந்திர் கிழவியாக நடித்த சுனிபாலா தேவிக்கு அப்போது எண்பது வயசுக்கு மேல், பழைய நாடகக்காரர், படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ப்ளூ-ரேயில் அவர் முகத்தின் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது. அந்தக் காட்சியில் அம்மா என்னை மொழிபெயர்க்க வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அபராஜிதோவுக்கு வருகிறேன். 1957இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய படம், ஆனால் முதல் படத்தைவிடப் பேச்சு குறைவாகவே அடிபடுகிறது. ப்ளூ-ரேயால் மிக அதிகம் லாபமடைந்தது இதுதான் என்று சொல்வேன். காசி வீட்டின் முற்றம் நிஜமானது இல்லை, கொல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். அதில் வானத்து வெளிச்சம் எப்படிக் கொண்டுவருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டின் மேலே துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை ஆட்கள்மேல் அடிக்காமல் அந்தத் துணியில் அடித்து, திரும்பி விழுகிற வெளிச்சத்தில் படம் எடுத்தார். நிழல் கூர்மையில்லாமல் மெத்தென்று இருக்கும். டிவிடிகளில் இது வெறும் சாம்பல் நிறமாகத் தட்டையாகக் கிடக்கிறது. ப்ளூ-ரேயில் முற்றத்து வெளிச்சம் மாடிப்படி ஏற ஏற எப்படிக் குறைகிறது, சுவரின் காரை எங்கே உதிர்ந்திருக்கிறது என்று பார்க்க முடிகிறது. எங்கள் பாட்டி வீடு ஆரணியில், நடுவில் முற்றம் வைத்த வீடு. மே மாத மத்தியானத்தில் அங்கே இருந்த வெளிச்சம் இதுதான்.

கூடுதலாகத் தந்திருப்பவற்றில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ரேயின் குரல். 1958இல் பதிவு செய்தது, தான் எழுதிய கட்டுரையைத் தானே வாசிக்கிறார். சௌமித்ர சட்டர்ஜி, ஷர்மிளா தாகூர் பேட்டிகள் உண்டு, இருவருக்குமே முதல் படம் அபுர் சன்சார். சின்ன வயசு துர்காவாக நடித்தவரின் பேட்டியும் இருக்கிறது, அவர் சர்வஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் சொந்த மகள். கருகிய ஃபிலிமைக் கையில் எடுத்துக் காட்டுகிற மீட்புப் பணிப் படத்தை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள், அதைப் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போனால் ஒவ்வொரு ஃபிரேமையும் பார்க்கிற கண் மாறிவிடும். மற்றவை பொறுமையாகப் பார்க்கலாம்.

சரி, வாங்குவது எப்படி. அட்டை விலை கிட்டத்தட்ட நூறு டாலர், அப்படியே கொடுத்து வாங்காதீர்கள். அமெரிக்காவில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைகளில் ஜூலையிலும் நவம்பரிலும் கிரைட்டீரியன் டிஸ்க்குகளைப் பாதி விலைக்குப் போடுவது வழக்கம், ஊருக்கு வருகிற சொந்தக்காரரிடம் அப்போது சொல்லி வையுங்கள். என் சித்தப்பா மகன் அப்படித்தான் கொண்டுவந்து கொடுத்தான். அடுத்தது ரீஜன், அதாவது டிஸ்க் எந்தப் பகுதி பிளேயரில் ஓடும் என்கிற குறி. இந்தியாவுக்கு ப்ளூ-ரே ரீஜன் சி, இந்த டிஸ்க் ரீஜன் ஏ, நம் ஊரில் வாங்கிய சாதாரண பிளேயரில் போட்டால் ஓடாது. எல்லா ரீஜனும் படிக்கிற பிளேயர் ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் பழசாக ஒன்பதாயிரத்துக்கு வாங்கினேன். டிஸ்க்கை வாங்குவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிவியிலும் இரண்டு வேலை இருக்கிறது: படத்தை இழுத்து அகலமாக்குகிற அமைப்பை எடுத்துவிட வேண்டும், இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் இருக்கும், அதுதான் சரி. அசைவை வழவழப்பாக்குகிற அமைப்பையும் அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் துர்கா மழையில் ஆடுவது சீரியல் மாதிரி ஆகிவிடும்.

இவ்வளவு செலவு வேண்டாம், ரே எப்படி என்று மட்டும் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் சாருலதாவிலிருந்து தொடங்கலாம். அதுவும் மகாநகரும் 2013இல் கிரைட்டீரியனில் தனித்தனி டிஸ்க்காக வந்தன. தீயில் மாட்டாத படம் எப்படி இருக்கும் என்று சாருலதாவின் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும், அவள் ஜன்னல் ஜன்னலாக ஓடிப்போய்க் கைப்பிடி வைத்த கண்ணாடியில் தெருவைப் பார்க்கிற இடத்தில் மரச் சட்டத்தின் செதுக்கல்கூட எண்ணலாம். ஜல்சாகர் 2011லும் நாயக் 2018லும் வந்தன, இரண்டும் நன்றாக இருக்கின்றன. கடைசிக் காலப் படங்கள் மூன்று டிவிடியாக மட்டும் வந்திருக்கின்றன, அவற்றுக்கு அவசரமில்லை.

இதையெல்லாம் பார்க்கும்போது ஒரு நினைப்பு வராமல் இல்லை. 1988இல் வந்த வீடு படத்தின் நெகட்டிவ் இப்போது இல்லை என்று பாலு மகேந்திராவே வேதனையோடு சொல்லியிருக்கிறார். சந்தியா ராகத்துக்கும் அதே கதி. அவை தீயில் எரியவில்லை. எரிந்த ஃபிலிமுக்கு ஆயிரம் மணி நேரம் செலவழிக்க ஆள் இருக்கிற உலகத்தில், நம் பக்கத்தில் எரியாததையே காப்பாற்றி வைக்கவில்லை. வீடு படத்தைக் கையில் கிடைக்கிற மங்கல் பிரதியில் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அபுர் சன்சார் பார்ப்பதற்குள் மாசிமா கிளம்பிவிட்டார். அவர் கணவருக்கு வைத்தியம் முடிந்தது, காட்பாடியில் ஹவுரா ரயிலில் ஏற்றிவிட்டோம், அம்மா இரண்டு வேளைக்கு எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் மட்டும் மூன்றாவது டிஸ்க்கைப் போட்டோம். நகலிலிருந்து வந்ததால் மற்ற இரண்டின் துலக்கம் இதில் கொஞ்சம் குறைவு, ஆனால் தியேட்டர்த் திரை அப்படியே குதிரைவண்டியின் ஜன்னலாக மாறுகிற இடமும், வண்டிக்குள் தீக்குச்சி வெளிச்சத்தில் அபுவின் மனைவி அபர்ணாவின் முகமும் பார்த்த பதிப்புகளில் இதில்தான் ஒழுங்காகத் தெரிகின்றன.

கடைசியில் அபு, தான் இத்தனை வருஷம் பார்க்கவே வராத மகனிடம் வருகிறான். அந்தப் பிள்ளைக்கு இவன் அப்பா என்று தெரியாது. நீ யார் என்று கேட்கிறான். அபு சொல்கிற பதிலை நான் எழுத்தைப் பார்த்து நண்பன் என்று சொன்னேன். அம்மா நிறுத்தச் சொன்னார். "பொந்துன்னுதானே சொன்னான்? அது பந்து. கல்யாணப் பத்திரிகையில இஷ்டமித்திர பந்துக்களோடன்னு போடுவாங்களே, அந்தப் பந்து. உறவுன்னு சொல்லிட்டான். நீ என்னடா நண்பன்ங்கிற?"

எனக்குச் சந்தேகமாகிவிட்டது. மாசிமாவுக்கு வீடியோ கால் போட்டோம். அவர் சமையலறையில் இருந்தார். கேட்டதும் சிரித்துவிட்டு, எங்கள் மொழியில் பொந்து என்றால் சிநேகிதன்தான் என்றார். அம்மா அதை ஒத்துக்கொண்ட மாதிரியும் இருந்தது, ஒத்துக்கொள்ளாத மாதிரியும் இருந்தது. ஃபோனை வைத்ததும், அந்த எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார். சப்டைட்டிலை அணைத்துவிட்டு, அபு கிளம்பி நடக்கத் தொடங்குகிற இடத்திலிருந்து போட்டேன்.